வில்லங்கத்தில் வராது

நான் பத்திர எழுத்தராக இருந்தவன். காவேரிப் பாசனப் பகுதியில், ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டுப் பிழைத்தவன். ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய மூன்று மா நஞ்சை வராமல் போனதற்கு நான் காரணம். விற்றவரும் காரணம்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வாங்க வந்தவர் வேறு நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த மகன் அனுப்பிய பணத்தை முன்பணமாகக் கொடுத்தார். மீதியைத் தவணைக்குள் கட்டிக் கிரயம் செய்துகொள்வதாகப் பேச்சு. அதுவரை சாகுபடி விற்பவர் கையிலேயே இருக்கும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினேன்.

"இதையும் ரிஜிஸ்டர் பண்ணணுமா ரைட்டரய்யா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க வீண் செலவு? கிரயம் பண்றப்ப பார்த்துக்கலாம்" என்றேன்.

அன்றைய சட்டப்படி அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலத்தின் கிரயப் பத்திரத்தைப் பதிவதைத்தான் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 2012-இல்தான் வந்தது. ஆனாலும் கட்டாயமில்லாததைப் பதிந்து வைத்தால் என்ன பயன் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒப்பந்தம் நிலத்தையே கொடுத்துவிடாது, கிரயம் எழுதிக் கொடு என்று கேட்கும் உரிமையைத்தான் கொடுக்கும். பதிந்திருந்தால் அந்த உரிமை வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அதே புல எண்ணை வாங்க வருகிற எவரும் பிறகு "எனக்குத் தெரியாது" என்று எளிதில் சொல்ல முடியாது. பதியாத ஒப்பந்தம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியோடு சரி. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. முகூர்த்த நாள், வாசலில் கூட்டம். சொல்லவில்லை.

இதைக் கவனக்குறைவு என்று யாராவது மன்னிக்கலாம். அடுத்ததை மன்னிக்க முடியாது.

புறவழிச் சாலை வரப்போகிறது என்ற பேச்சில் விலை ஏறியது. விற்பவர் டவுன்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு அதே மேசைக்கு வந்தார். புல எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்று நான்கெல்லையை ஞாபகத்திலிருந்தே எழுதினேன். "ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கி அக்ரிமெண்ட் போட்டிருக்கேன், திருப்பிக் கொடுத்துடுவேன்" என்று விற்பவரே சொன்னார். டவுன்காரர் என்னைப் பார்த்து, "வில்லங்கத்துல வருமா?" என்றார்.

"வராது" என்றேன்.

சொத்தில் எவ்வித முன் வில்லங்கமும் இல்லை என்ற வாசகத்தை என் கையாலேயே எழுதினேன். எழுத்துக்கூலியும் வாங்கிக்கொண்டேன்.

உழவர் வழக்குப் போட்டார். 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, முந்தைய ஒப்பந்தத்தைப் பின்னால் வாங்கியவர் மீதும் செலுத்தலாம். முன் ஒப்பந்தம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. ஆக, டவுன்காரருக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தான் வழக்கே நின்றது. தெரியும் என்று சொல்லக்கூடிய வெளியாள் நான் ஒருவன்தான். சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். உழவரின் வக்கீல் கேட்டபோது "ஞாபகமில்லை" என்றேன். உரிமம் போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, டவுன்காரர் தொடர்ந்து மனை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரங்களும் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. நிலம் கிடைக்கவில்லை. கோர்ட்டு வராந்தாவில் அந்த உழவர் என்னிடம் வந்து, "விடுங்க ரைட்டரய்யா, தினம் எத்தனை பத்திரம் எழுதுறீங்க, எப்படி ஞாபகம் இருக்கும்" என்றார். என்னைத் தேற்றுவதற்காக வந்திருந்தார். அப்போதாவது உள்ளே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அவர் இப்போது இல்லை. ஊர் திரும்பிய மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேல்முறையீட்டுக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. "அப்பா சந்தேகப்படவே இல்லைங்க" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை வைத்து அவர் என்ன செய்தாலும் நான் மறுக்கப்போவதில்லை.