விழுக்காட்டுக் குறிக்குள் தமிழ்

தமிழில் அமைந்த இணைய முகவரி ஒன்றை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பார்த்தவர்கள் ஒரு கணம் திகைத்திருப்பார்கள். திரையின் உச்சியில் 'தமிழ்' என்று அழகாக நின்ற சொல், ஒட்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாய் நீண்டு கிடக்கும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு 45 இடம்! கெட்டுப்போயிற்று என்றே பலரும் எண்ணுகிறார்கள். கெடவில்லை நண்பர்களே.

1994இல் இணைய முகவரிக்கு விதி வகுத்தபோது ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமே அதில் இடம் பெற்றன. வெற்றிடத்துக்குக்கூட அனுமதியில்லை, அது %20 என்று வேடம் பூண்டுதான் போக வேண்டும். தமிழுக்கு வேடம் இன்னும் கனமானது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளாகிறது. பைட் ஒன்றுக்கு ஒரு விழுக்காட்டுக் குறியும், எண்ணோ எழுத்தோ இரண்டும் வேண்டும். ஆக 'அ'வுக்கு ஒன்பது இடம். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஐயொன்பது நாற்பத்தைந்து.

என் அறைத்தோழர் தமிழிலக்கிய மாணவர். கருத்தரங்கக் கட்டுரையில் தமிழ் விக்கிப்பீடியாப் பக்கமொன்றின் முகவரியைச் சான்றாகத் தந்திருந்தார். தட்டச்சு செய்த கடைக்காரர், வரி நீள்கிறதே என்று வாலை நறுக்கிவிட்டார். பேராசிரியர் தேடினார், பக்கம் கிடைக்கவில்லை. "இல்லாத சான்றைக் காட்டலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டார். தோழர் அன்றிரவு உணவைத் தொடவில்லை. மறுநாள் முழு முகவரியையும் கணினியில் திறந்து காட்டிய பிறகே ஐயா முகம் மலர்ந்தது.

வேறு தொல்லைகளும் உண்டு. விழுக்காட்டுக் குறிக்கே %25 என்றொரு வேடம் இருக்கிறது. ஏற்கெனவே வேடமிட்ட முகவரிக்கு ஏதேனும் ஒரு நிரல் மறுபடியும் வேடமிட்டால், %20 என்பது %2520 ஆகிவிடும். ஒருமுறை கலைத்தால் வெற்றிடம் வராது, %20தான் வரும்!

இவற்றிலும் சூட்சுமமானது 'கொ'. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முகவரியிலோ முன்னதற்கு 18 இடம், பின்னதற்கு 27. இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளாத தளம், வெவ்வேறு பக்கங்கள் என்றே கொள்ளும்.

இத்தகைய அச்சத்தால் தமிழ்க் கட்டுரைக் கோப்புக்கும் ஆங்கிலத்தில் பெயரிடுவோர் நம்மிடையே பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோழரின் அடுத்த கட்டுரைக்குக் 'கொல்லிப்பாவை' என்றே பெயரிட்டு இணையத்தில் ஏற்றியிருக்கிறோம். கல்லூரிக் கணினியிலும் திறக்கிறது.