நாவில் விழுந்த முடிச்சு



எங்கள் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. மர்ஹூமின் மூத்த மகன் ஜமாஅத்தார் முன்னே நின்று, தம் தந்தை யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் தம்மிடம் கேட்கும்படியும், அவர்களால் மனம் நொந்தவர்கள் அல்லாஹ்வுக்காக மன்னிக்கும்படியும் வேண்டிக்கொள்ள வேண்டும். இரண்டே வாக்கியங்கள்! என் வாப்பா வஃபாத்தான அன்று அவற்றை என்னால் சொல்ல முடியவில்லை. தொண்டை வறண்டது, கைகள் நடுங்கின, அத்தனை கண்களும் என்னையே எடை போடுவதாகத் தோன்றியது. மாமா முன்வந்து எனக்காகச் சொல்லி முடித்தார்கள். துக்கத்தில் பையனுக்கு நாவெழவில்லை என்று ஊரார் இரங்கினர். அது துக்கம் மட்டுமல்ல என்பதை நானும் உம்மாவும் அறிவோம்.

பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிய துன்பம் அது. வலீமா விருந்தில் நால்வர் ஒரு சஹனில் அமர்ந்தால், என் கை நடுங்குவதை மற்ற மூவரும் கண்டுவிடுவார்களோ என அஞ்சிப் பசியோடு எழுந்து வந்திருக்கிறேன். பின்னர் விருந்துகளுக்குப் போவதையே நிறுத்தினேன். "அவனுக்குக் காய்ச்சல்" என்று உம்மா சொல்லிவிடுவார்கள்; சோறு வீடு தேடி வரும். "நாலு பேரிடம் பேசத் தெரியாத பிள்ளை" என்று வாப்பா கடிந்துகொள்வார்கள். இருவரும் அன்பு கொண்டவர்கள்தாம். எனினும் அந்தக் கண்டிப்பும் அந்தப் பரிவும் என் அச்சத்தை ஒருசேர வளர்த்தன.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நம் மார்க்கம் போற்றுகிறது. ஆனால் அந்த வெட்கம் தீமையைச் செய்யவிடாமல் தடுப்பது. என்னைப் பிடித்திருந்ததோ நன்மையைச் செய்யவிடாமல் தடுத்தது: ஸலாம் சொல்லவும், நோயாளியை நலம் விசாரிக்கவும், ஜமாஅத்துக்குச் செல்லவும் விடவில்லை. இதைச் சமூகப் பதற்றம் என்பர் மருத்துவர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் வெளியிட்ட கையேட்டிலேயே இது தனியொரு நோயாக இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தலைகாட்டும் இது, ஈமானின் குறையும் அன்று. வளர்ப்பின் குறையும் அன்று.

இதன் சூழ்ச்சியைக் கேளுங்கள். அஞ்சும் இடத்தைத் தவிர்த்தவுடன் நிம்மதி பிறக்கிறது. 'தவிர்த்ததால் தப்பினோம்' என்று மனம் பாடம் படிக்கிறது. அடுத்த முறை அச்சம் இரட்டிப்பாகிறது. ஆகவே, ஒவ்வொரு காய்ச்சல் பொய்யும் நோய்க்கு இட்ட உரமே!

வாப்பாவின் மறைவுக்குச் சில வாரங்கள் கழித்து மாமா என்னை அழைத்து, "அன்று உனக்காகப் பேசினேன். இனிப் பேச மாட்டேன், ஆனால் உன் பக்கத்தில் நிற்பேன்" என்றார்கள். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றையும் நினைவூட்டினார்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, தம் நெஞ்சை விரிவாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் அந்த நபி இறைஞ்சினார்கள். சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். தாஹா அத்தியாயம் இதைக் கூறுகிறது. துணை வழங்கப்பட்டது, ஆனால் பயணத்திலிருந்து விலக்கு வழங்கப்படவில்லை. இருவருமே சென்றார்கள்.

மாமாவே என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் சிறிது காலம் மருந்து தந்தார். அதைவிட முக்கியமாக, படிப்படியான பயிற்சி தந்தார். முதலில் கடைக்காரரிடம் விலை கேட்பது; பிறகு ஆள் குறைவான ஸுப்ஹுத் தொழுகைக்கு இகாமத் சொல்வது; பிறகு தெரிந்த இருவரோடும் தெரியாத ஒருவரோடும் ஒரே சஹனில் உண்பது. நடுக்கம் வந்தாலும் அது தணியும்வரை இடத்தை விட்டு எழக்கூடாது என்பதே நிபந்தனை. மாமா அருகில் இருந்தார்கள், குறுக்கிடவில்லை.

ஆண்டுகள் சென்றன. உம்மாவின் ஜனாஸாவின் முன் நான் நின்றேன். குரல் நடுங்கியது, முழங்கால்களும் நடுங்கின. முதுமையில் தளர்ந்திருந்த மாமா என் தோளருகே மௌனமாக நின்றார்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் நானே சொன்னேன். அச்சம் இன்றும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அது சொல்லும் வழியில் நான் நடப்பதில்லை.

வாசகர்களே! விருந்தினர் வந்தால் அடுக்களையை விட்டு வெளிவராத மகளோ, பெருநாளன்றும் கதவடைத்துக்கொள்ளும் மகனோ உங்கள் இல்லத்தில் இருக்கலாம். ஏசாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். உடன் செல்லுங்கள். தேவையெனில் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை அல்லாஹ் விரிவாக்குவானாக! அவர்களுக்கு ஹாரூனாக நிற்கும் நற்பேற்றை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.