தங்கவயலிலிருந்து ஜக்கூருக்கு

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் டிபன் டப்பா, தோளில் பை, கண்ணில் மிச்சத் தூக்கம். சாம்பியன் ரீஃப், ஊரகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில் பங்காரப்பேட்டையை அடைகிறது, அங்கிருந்து பெங்களூர். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மாலையில் அதே தூரம் திரும்ப வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் உண்மையான தொழிற்சாலை இந்த ரயில்தான்.

அந்த ரயிலில் பாதுகாவலர் உடுப்பும் ஜவுளிக்கடை அடையாள அட்டையும் உண்டு; மென்பொருள் நிறுவனத்தின் மடிக்கணினிப் பையும் உண்டு. இவர்களில் ஒருவருக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தால் என்ன ஆகும்? சிரிப்பதற்கு முன் ஒரு விஷயம். பெங்களூர், தங்கவயல், சென்னை மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. வானத்தில் விமானம் பார்த்து வளர்வது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஊரிலேயே ஒரு பழைய ஓடுதளமும் இருக்கிறது, சுரங்கக் கம்பெனிக் காலத்தில் போட்டது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ரயில் ஏறத்தான் வேண்டும்.

இந்த ஊருக்கு ஆழம் தெரியும், உயரம்தான் புதிது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, பெங்களூருக்கே அது கிடைக்காத காலத்தில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டரில் இருக்கிறது. அப்படியென்றால் அடிமட்டத்தில் வேலை செய்தவர்கள் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நின்றார்கள். கூண்டு சரசரவென்று இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறக்கும். விமானம் இறங்கும்போது பேரன் படும் பாடும் அதேதான். காற்றழுத்தத்தைப் பற்றி தாத்தாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

பேரனுக்குத் தேவை. நல்ல வேளையாக, விமானப் பயிற்சியில் மலிவான பகுதி புத்தகம்தான்.

பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்பது சொந்தமாக, கூலி வாங்காமல் பறப்பதற்கான அனுமதி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 16 வயதில் மாணவர் லைசென்ஸ், 17-ல் பிரைவேட் லைசென்ஸ். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு மணி நேரத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்பதால், விமானத்துக்கு மட்டுமே நான்கு லட்சத்துக்குக் குறையாது. 40 மணியில் முடித்துவிடுபவர்கள் குறைவு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது. இந்த லைசென்ஸால் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்க முடியாது. சம்பளம் வாங்க வேண்டுமானால் கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 200 மணி நேரம். முதலில் பறந்த மணிகள் அதில் சேரும் என்பது ஒரு ஆறுதல்.

கடன்? இங்கேதான் தங்கவயலின் பழைய புண் தட்டுப்படுகிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் அடமானம் கேட்கும். தொழிலாளர் குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் லைன் வீடுகளோ கம்பெனிக் குடியிருப்புகள். அவற்றைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி அந்தக் குடும்பங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நூற்றாண்டு காலத்தில் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த மண்ணில், அடகு வைக்க ஒரு சுவர்கூடச் சொந்தமில்லை. பெங்களூரில் அப்பா வாங்கிய பிளாட்டை வைத்துப் பைலட் ஆகும் பையனும் இவனும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே கையில் காசு குறைவாக உள்ளவன் வரிசையை மாற்றிப் போட வேண்டும். முதலில் மருத்துவப் பரிசோதனை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும்: கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. நிறக்குருடு இருந்தால் சிக்கல். அதைப் பள்ளிக்கு முன்பணம் கட்டிய பிறகு கண்டுபிடிப்பது போன்ற வீண் செலவு வேறில்லை.

அடுத்தது பாடம். விமான விதிகள், வழி கண்டறிதல், வானிலை, விமானமும் எஞ்சினும். எல்லாமே தானாகப் படிக்கக்கூடியவை. தினமும் நான்கு மணி நேரம் ரயிலில் கழிப்பவருக்கு இதைவிட நல்ல வாசகசாலை கிடைக்காது, ஜன்னலோர இடம் கிடைத்தால். வரைபடம், ஸ்கேல், பாகைமானி இருந்தால் தங்கவயலிலிருந்து சென்னைக்குக் கோடு போட்டு, பக்கக் காற்று அடித்தால் மூக்கை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கணக்குப் போடலாம். ரேடியோவில் பேசத் தனி உரிமம் உண்டு. அதற்கான வாசகங்கள் ஆங்கிலத்தில், கறாராக, மாறாத வரிசையில் இருக்கும். உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகுவதற்குச் செலவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டும் விமான விளையாட்டு பற்றி இரண்டு கருத்து உண்டு. கருவிகளின் இடமும் நடைமுறை வரிசையும் மனதில் பதியும், அது லாபம். ஆனால் கண் திரையிலேயே ஒட்டிக்கொள்ளும். புதியவன் வெளியே தொடுவானத்தைப் பார்த்துத்தான் ஓட்டப் பழக வேண்டும். இந்தக் கெட்ட பழக்கத்தைத் திருத்த ஆகும் நேரத்துக்கும் மீட்டர் ஓடும். கல்லூரியில் இருப்பவருக்கு இன்னொரு வாசல் என்.சி.சி.யின் விமானப் பிரிவு. கேடட்டுகளைச் சிறு விமானத்தில் காசில்லாமல் ஏற்றுகிறார்கள். அதில் லைசென்ஸ் கிடைக்காது. ஆனால் மேலே போனால் குமட்டுமா, பயமா, பரவசமா என்பது தெரிந்துவிடும். நான்கு லட்சம் செலவழிக்கும் முன் தெரிய வேண்டிய விஷயம் அது.

பெங்களூரின் வடக்கே ஜக்கூரில் கர்நாடக அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 1940-களின் கடைசியில் தொடங்கியது. அங்கே சேர்ந்தாலும் தனியார் பள்ளியில் சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்றைய தேதியில் எத்தனை விமானம் பறக்கிறது, கற்றுத்தர எத்தனை பேர் இருக்கிறார்கள்? கொட்டகையில் நிற்கும் விமானங்களை எண்ணி ஏமாறக் கூடாது. முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாமல் இருப்பதும் புத்திசாலித்தனம்.

பணம் சேரச் சேர மாதம் ஒரு மணி நேரம் பறக்கலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். கைக்கு அடக்கமாகத் தெரியும் இந்த வழியே கடைசியில் அதிகம் செலவு வைக்கும். இடைவெளி விட்டால் கை மறந்துவிடும்; ஒவ்வொரு முறையும் பாதி நேரம் போன பாடத்தை மீட்பதிலேயே போகும். இரண்டு வருடம் ரயிலில் படித்துத் தேர்வை முடித்து, பணத்தையும் சேர்த்துவிட்டு, பிறகு வேலையில் லீவு போட்டு இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து பறப்பதே சிக்கனம்.

அப்போது ரயில் உதவாது. பெங்களூரும் கடல் மட்டத்துக்கு மேல் 3,000 அடி அளவில் இருக்கும் ஊர். காற்று ஏற்கெனவே லேசு; வெயில் ஏறினால் இன்னும் லேசாகும். எஞ்சினுக்கு வலு குறையும், மேலெழும்ப ஓடுதளம் அதிகம் தேவைப்படும், தரைச் சூட்டில் விமானம் குலுங்கும். மாணவர்களுக்கு ஏற்றது அதிகாலை. மாரிக்குப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்து, பெங்களூரில் இறங்கி, ஜக்கூருக்கு மாறிப் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். எனவே ஜக்கூர் பக்கம் ஒரு அறை, மூன்று மாத வாடகை, சாப்பாடு. பட்ஜெட்டில் எல்லோரும் மறக்கும் வரி இதுதான்.

தங்கவயலில் சயனைடு மேடுகள் இன்னமும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. காற்றடித்தால் தூசு லைன்களுக்குள் வருகிறது. பெங்களூரிலிருந்து கிழக்கே பறக்கும் விமானிக்கு, மேகம் இல்லாத நாளில், வழி தவறவில்லை என்று உறுதி செய்துகொள்ள இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.