அராரிப்பே மலையின் மஞ்சள் எண்ணெய்

பிரேசிலின் வடகிழக்கில், செயாரா மாநிலத்தின் காய்ந்த சமவெளிக்கு நடுவே பச்சைப்பசேலென்று எழுந்து நிற்கிறது அராரிப்பே பீடபூமி. மேலே பரந்திருப்பது 1946-இல் அறிவிக்கப்பட்ட, அந்நாட்டின் முதல் தேசியக் காடு. பாதி மலை ஏறியதுமே வண்டிக்குள் ஒரு வாசனை. பழமா, பாலாடைக்கட்டியா என்று தெரியவில்லை. "பெக்கி!" என்றார் ஓட்டுநர், ஏதோ சாமி பெயரைச் சொல்வதுபோல.

பெக்கிப் பழத்தின் சீசன் வந்தால் குடும்பம் குடும்பமாகக் காட்டோரம் குடிசை போட்டு விடுகிறார்கள். ஒரு அம்மா பெரிய பானையில் பழங்களை வேகவைத்துக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். சதை கரைய, மேலே மஞ்சள் நுரை கட்டியது. அதை அகப்பையால் வழித்து மறுபடி காய்ச்ச, ஈரம் வற்றி எண்ணெய் தெளிந்தது. "எதுக்கெல்லாம் போடுவீங்க?" என்று ஓட்டுநர் மூலம் கேட்டேன். இருமல், நெஞ்சுச்சளி, புண், மூட்டுவலி என்று அடுக்கினார். எல்லா ஊர்ப் பாட்டியும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே கிராத்தோ நகரில் காரிரி வட்டாரப் பல்கலைக்கழகம். இந்த எண்ணெயைப் பல ஆண்டுகளாகச் சோதிக்கிறார்கள். ஆவியாகிப் போகாத, நல்லெண்ணெய் போன்ற எண்ணெய் இது. கிருமியோடு தனியாக மோதவிட்டால் பெரும்பாலும் சோப்ளாங்கிதான். அதற்கு ஆன்டிபயாட்டிக் துணை கொடுத்தால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது.

சோதனைக்குத் தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு; வரிசை நெடுக மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும். ரெசசுரின் என்ற நீலச்சாயத்தை விட்டால், கிருமி உயிரோடிருக்கும் குழி இளஞ்சிவப்பாகிவிடும். மருந்து மட்டும் இருந்த வரிசையில் சிவப்பு வெகுதூரம் ஓடியிருந்தது. எண்ணெய் சேர்த்த வரிசையில் சீக்கிரமே நின்றுவிட்டது. ஜென்டமைசின் போன்ற மருந்துகள் கிருமிக்குள் நுழைந்து அதன் புரத உற்பத்தியைக் கெடுப்பவை. எண்ணெயிலுள்ள ஒலீயிக், பால்மிடிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் கிருமியின் சவ்வைத் தளர்த்தி வழிவிடுகின்றன என்பது விளக்கம். எப்போதும் இப்படி நடப்பதில்லை. சில எண்ணெய்கள் சில மருந்துகளின் வேகத்தைக் குறைத்தும் விடுகின்றன. தட்டில் நடந்ததை நம்பி, டாக்டர் தந்த மாத்திரையோடு யாரும் எண்ணெயைக் குடிக்க வேண்டாம்.

போக விரும்புகிறவர்கள் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் போங்கள். பெக்கியைக் கடித்துவிடாதீர்கள், முன்பல்லால் சுரண்டித்தான் தின்ன வேண்டும். சதைக்கடியில், கொட்டை முழுக்க ஊசி முள்!