ஒண்டுக்குடித்தனம்

வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி 2025இல் அறிவித்தபோது, எங்கள் வீட்டு நாய்களின் விவரங்களைத் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பெயரில் சிக்கல் இல்லை. இனம், வயது என்று வந்ததும் கை நின்றுவிட்டது. கருப்பாயி எங்கே பிறந்தாள், எப்போது பிறந்தாள் என்று யாரைக் கேட்பது? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தவள். தண்ணீர் வடிந்த பிறகும் இறங்கவில்லை. இறங்கச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டதற்கான அடையாளம் அது. தெருநாய்களை மாநகராட்சி பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், அதற்கு மாற்றாக இந்த வழியை 1964இல் இதே ஊரில் தொடங்கியது புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு. நாடு முழுவதற்குமான விதியாக அது வர 2001 ஆயிற்று. அப்படி யாரோ ஒரு நாள் அவளைப் பிடித்திருக்கிறார்கள், யாரோ தையல் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கதை அவளுக்குத்தான் தெரியும். கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பல்லில் ஏறியிருந்த காறையைப் பார்த்துவிட்டு, “நாலு வயசு இருக்கலாம், ஆறும் இருக்கலாம்” என்றார். நான் ஐந்து என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டில் கருப்பாயியைத் தவிர, லாரியில் அடிபட்டு ஒரு பின்னங்காலை இழந்த தம்புசாமி, யாரோ வளர்த்து அலுத்துப்போய்ச் சாலையில் விட்டுவிட்ட பூபதி என்ற பக் இன நாய், செங்கமலம், குட்டையன் என்று இரண்டு பூனைகள். வந்து போகிறவர்கள், “உங்களுக்குப் பெரிய புண்ணியம்” என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அப்படிச் சொல்வதில், இந்தப் பிராணிகள் எங்களுக்கு ஏதோ கடன்பட்டிருப்பதாக ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அவை அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி வர அரை மணி தாமதமானால் தம்புசாமி என்னைப் பார்க்கும் பார்வையில் நன்றி என்று எதுவும் இல்லை.

நான் சிறுவயதில் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்தவன். ஒரு கிணறு, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஏழெட்டுக் குடும்பம். யாருக்கும் யாரையும் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் யார் எப்போது குழாயடிக்கு வர வேண்டும், எந்தக் கொடி யாருடையது என்பதில் எழுதாத சட்டம் இருந்தது. எங்கள் வீட்டின் இன்றைய நிலை அதுதான். பரணும் பீரோவின் உச்சியும் பூனைகளுக்கு. கீழே கூடம் பகலில் நாய்களுடையது. இரவு விளக்கணைத்ததும் பூனைகள் இறங்கும், நாய்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கவனிக்காத பாவனையில் கிடக்கும். சாப்பாட்டுத் தட்டுகள் ஆளுக்கொரு மூலையில். ஒருவர் தட்டை இன்னொருவர் எட்டிப் பார்த்தால் உறுமல். நாய், பூனை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கும் படங்களை நண்பர்கள் அனுப்புவார்கள். அப்படியும் வீடுகள் இருக்கலாம். இங்கே யாரும் யாரையும் கடிப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய சாதனையாகப் படுகிறது.

அந்தச் சமாதானம் தானாக வந்ததில்லை. குட்டையன் வந்தபோது முதலில் மாடி அறையில் தனியாக இருந்தான். வெளியிலிருந்து வரும் குட்டிகள் பார்வோ மாதிரியான நோயைக் கொண்டுவரக்கூடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பிளீச்சிங் மாதிரி எதையாவது போட்டுத் தேய்த்தால்தான் சாகும். உடம்பு தேறியதும், அவன் படுத்த துண்டை நாய்களுக்கும் நாய்கள் புரண்ட சாக்கை அவனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டோம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாசனை பழகிவிட வேண்டும். கதவு திறந்த அன்று செங்கமலம் மட்டும் அவனை ஒரு அறை அறைந்தாள். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என மூன்று நிறமும் கலந்தவள் அவள். அந்தக் கலவைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும் என்பதால், அப்படிப்பட்ட பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்தான். மருத்துவர் அவளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பெண் என்று எழுதிக்கொண்டார்.

தம்புசாமிக்கு ஹெல்மெட் என்றால் ஆகாது. கொரியர்காரர் ஹெல்மெட்டோடு வாசலுக்கு வந்தால் மூன்று காலில் கட்டிலுக்கடியில் போய்விடுவான். “பாவம், ஹெல்மெட் போட்ட எவனோ அடிச்சிருக்கான்” என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுகிறார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரைதான் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது கண்ணில் படாத எதுவும் பிறகு பூதமாகத் தெரியும். அவன் ஏதாவது காலி மனையில், ஆளரவமில்லாத இடத்தில் குட்டியாக இருந்திருக்கலாம். கொடுமைக்காரன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வதில், காப்பாற்றிய நமக்கு ஒரு சுகம் இருக்கிறது.

பூபதியின் விஷயத்தில் கற்பனைக்கு வேலையில்லை. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய நாயைப் பார்த்துத்தான் இந்த இனத்துக்கு நம் ஊரில் அப்படியொரு மவுசு வந்தது. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். மூக்கைத் தட்டையாக்கி வளர்த்த இனத்துக்கு அதற்கும் வழி குறைவு. மே மாதத்தில் பூபதி உறங்கும் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மோட்டார் ஓடுவதாக நினைத்து வந்து சொன்னார். ஏசி அறை இப்போது அவனுடையது; நாங்கள் அதில் படுத்துக்கொள்ள அவன் ஆட்சேபிப்பதில்லை.

நாய்களைத் தயிர் சாதத்தில் ஓரளவு சமாளிக்கலாம். பூனையை முடியாது. டாரின் என்ற சத்தைத் தேவைக்கேற்ப உண்டாக்கிக்கொள்ளும் வகை பூனையின் உடம்பில் இல்லை. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயம் பலவீனப்படும். எங்கள் வீடோ தலைமுறை தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “அதுக்கு விதிச்சது அதுதான்னா நாம என்னப்பா பண்ண முடியும்?” என்றார். மறுவாரம் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு வந்தது. தனிச் சட்டி, பிடியில் சிவப்புக் கயிறு கட்டிய தனிக் கரண்டி. வேகவைத்தால் அந்தச் சத்து தண்ணீரில் இறங்கிவிடும், தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று ஒருமுறை சொன்னேன். அதிலிருந்து ஒரு சொட்டு வீணாவதில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தவர், இப்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, “இது நேத்து மீன்” என்று மீன்காரம்மாவிடம் வாதாடுகிறார். எங்கள் சாம்பாரில் உப்பு கூடுவதும் குறைவதும் உண்டு. மீன் விஷயத்தில் குறை சொல்ல இடமிருக்காது.

குடும்பத்தோடு எங்கேயும் போக முடிவதில்லை என்பது உண்மை. உறவுக்காரர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, “நாய்க்காக வரலையா?” என்ற கேள்விக்கு மரியாதையான பதிலை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த மாதம் கும்பகோணத்தில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். யார் போவது, யார் காவலிருப்பது என்று எனக்கும் மனைவிக்கும் பேச்சு நீண்டுகொண்டிருக்கிறது. அம்மாவை அழைத்துப் போகலாம் என்றால் அவர் மசியவில்லை. அந்த வாரம் நல்ல மத்தி வருமாம், மீன்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.