கோணல் சட்டை

ஆக்குபேஷனல் தெரபி படிப்பு முடித்து ஆறு மாதப் பயிற்சிக்குப் போன முதல் வாரம், ஐந்து வயதுப் பையன் ஒருவனை என்னிடம் விட்டார்கள். அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. ஒரு சட்டையை மடியில் விரித்து, பொத்தானை அவன் கையில் திணித்துத் திணித்துச் சொல்லிக்கொடுத்தேன். பத்தே நிமிடம். மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எனக்குப் பயிற்சி தந்த மேடம் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பல்லாங்குழியையும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையையும் தரையில் வைத்துத் தனியாக ஆட ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அவனே வந்தான். "அவன் விரலை மட்டும் பாரு" என்றார் என்னிடம்.

பார்த்தேன். அள்ளிய கொட்டைகளை மூன்று விரல்கள் உள்ளங்கையோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை மட்டும் நுனிக்குக் கொண்டுவந்து குழியில் விட வேண்டும். ஒரு கைக்குள்ளேயே இரண்டு வேலை. அவன் கை மொத்தமாக விரிந்தது, எல்லாம் கொட்டியது. பாட்டியோடு எத்தனை மத்தியானம் ஆடியிருக்கிறேன், இது கண்ணில் பட்டதே இல்லை! இரண்டு கொட்டை கொடுத்தால் சமாளித்தான். மூன்றாவதில் சிதறியது. சலிக்கவும் வைக்காத, தோற்கடிக்கவும் செய்யாத அளவான சவால் வேண்டும் என்று எங்கள் துறை முன்னோடி ஜீன் ஏர்ஸ் சொன்னதைப் பரீட்சைக்கு எழுதியிருந்தேன். அது இந்த மூன்றாவது கொட்டை என்று அன்றுதான் புரிந்தது.

பிறகு மண் உண்டியல். காசைச் செங்குத்தாகத் திருப்பிப் பிளவுக்குள் தள்ளுவதும் பொத்தானைத் துளைக்குள் தள்ளுவதும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

"விளையாடத்தான் ரெண்டு பஸ் மாறி வர்றோமாம்மா?" என்று அவன் அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர், கேட்காமல் எப்படி? அவர் உள்ளங்கையிலும் ஐந்து கொட்டைகளை வைத்து, ஒவ்வொன்றாக விடச் சொன்னேன். விட்டார். தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பள்ளி வேன் வரும் அவசரத்தில் அவன் பொத்தான்களைத் தானே மாட்டிவிடுவதாகச் சொன்னார். கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் அவனிடம் விடச் சொன்னோம். அது பழகியதும் நுழைப்பதும் அவனுடையது. இப்படிக் கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாக மேலே ஏறினோம்.

நான்காம் மாதம் ஒரு சட்டை முழுவதையும் தானே போட்டான். ஒரு துளை தப்பி, ஒரு பக்கம் ஏறி இறங்கியிருந்தது. சரிசெய்ய என் கை நீண்டது. மேடம் மெல்ல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் கோணல் சட்டையோடு வெளியே ஓடினான், அம்மாவிடம் காட்ட.