இருமலும் காசமும்

வகுப்பறையில் நாள்தோறும் மூன்று மணி நேரம் பேசிப் பிழைப்பவனுக்கு வறட்டு இருமலைப்போல் எதிரி வேறில்லை. அண்மையில் மழையில் நனைந்து வந்த காய்ச்சல் மூன்றே நாளில் தணிந்துவிட்டது. இருமல் மட்டும் போகவில்லை. பகலில் செருமிச் செருமிச் சமாளித்துவிடலாம். படுக்கையில் சாய்ந்ததும் தொடங்குவதை என்ன செய்வது?

அம்மா வழக்கம்போல் அடுக்களைக்குள் போனாள். இரவுக்கு, மிளகைத் தட்டிப் போட்டு மஞ்சள்தூளும் பனங்கற்கண்டும் சேர்த்துக் காய்ச்சிய பால். காலையில், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிக்க வேண்டும். கல்லூரிக்குப் புறப்படும்போது சட்டைப்பையில் ஒரு துண்டு அதிமதுரம். கடைவாயில் அடக்கிக்கொண்டால் அதன் சாறு மெல்ல இறங்கித் தொண்டைக் கமறலை ஆற்றும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் அம்மா மட்டும் அதைத் தொடுவதில்லை. படுக்குமுன் ஒரு கரண்டி தேன், தலையைச் சற்று உயர்த்த இரண்டு தலையணைகள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது.

இவற்றை வெறும் நம்பிக்கை என்று நான் ஒதுக்குவதில்லை. எங்கள் வேலியில் நிற்கும் ஆடாதோடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு தொடாத இலை என்பதே அப்படி மருவியது என்பார்கள். அதன் கசப்பை அறிந்தவர்கள் ஆட்டைக் குறை சொல்லமாட்டார்கள். அந்த இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றி உருவானதுதான், சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து. வேலிக்கும் மருந்துக்கடைக்கும் இடையே உறவு இல்லாமல் இல்லை.

ஆனால் அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டில் யாருக்கு இருமல் தொடங்கினாலும், அந்தத் தேதியைக் காலண்டரில் பென்சிலால் சுழித்துவைப்பாள்.

1996இல் அப்பா இரண்டு மாதங்கள் இருமினார். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். இதே மிளகுப்பால்தான். குடித்தால் தொண்டை இதப்படும், அப்பா தூங்கிவிடுவார். மாலையில் இலேசான காய்ச்சல் வந்ததையும், சட்டை தொளதொளத்ததையும் நாங்கள் அலைச்சல் என்று எடுத்துக்கொண்டோம். ஒருநாள் விடியலில் கைக்குட்டையில் இரத்தம். சளியைச் சோதித்ததில் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிப் பிழைத்தார். எனினும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது கடைசிவரை மாறவில்லை.

“அவரு தூங்கிட்டாரேன்னு நானும் நிம்மதியாத் தூங்கிட்டேன்யா” என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள். அவளுடைய பால் பொய்யில்லை. அது தொண்டையை ஆற்றியது. அதற்குக் கீழே நடந்துகொண்டிருந்ததை அதனால் தொட முடியவில்லை.

‘காச’ என்ற வடசொல்லுக்கு இருமல் என்பதுதான் பொருள். க்ஷயம் என்பதே உருக்கும் நோய். தமிழிலோ காசம் என்ற சொல் அந்த நோய்க்கே பெயராகிவிட்டது. வகுப்பில் பொருள் மாற்றத்துக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இருமல் காசமாவது அகராதியில் மட்டுமல்ல, ஒரு வீட்டுக்குள்ளும் நடக்கக்கூடியது என்பதைச் சொல்வதில்லை. புதுமைப்பித்தனை 1948இல், தம் 42ஆம் வயதில், கொண்டுபோனதும் இந்நோய்தான். இன்று சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்கிறது மருத்துவம். எடை குறைந்தாலோ இரத்தம் கண்டாலோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

பதினைந்தாம் நாள் காலையில், பாடவேளையை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் போய்ச் சளி கொடுத்துவந்தேன். நோய் ஏதுமில்லை என்று முடிவு வந்தது. இருமல் அடங்க மேலும் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் மிளகுப்பால் தவறவில்லை. முடிவு தெரிந்தபின் குடித்ததாலோ என்னவோ, அது முன்னைவிட இதமாக இருந்தது.